காத்தாடிகள் ஊரின் அழகைக் கெடுக்கின்றனவா? முப்பந்தல் முதல் மன்னார் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் (ஊர்ப் பேச்சில் காத்தாடிகள்) வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடம் கொடுத்தவர்கள், கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், படம் எடுக்க வருபவர்கள், இலங்கையின் மன்னாரில் காற்றாலைக்கு எதிராக நடந்த போராட்டச் செய்தியைப் பார்த்துவிட்டு விசாரிப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் கீழே. இயந்திர நுணுக்கம், யூனிட் விலை எல்லாம் இதில் கிடையாது. கண்ணுக்குத் தெரியும் நிலமும், அதைப் பற்றி ஜனங்கள் நினைப்பதும் மட்டும்தான்.

இவ்வளவு காத்தாடிகள் ஒரே இடத்தில் எப்படிக் குவிந்தன?

பாதிக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற நேரத்தில் ஆரல்வாய்மொழியில் ஓர் இடைவெளி விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அந்த இடைவெளி வழியாக முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் என்று பாய்கிறது. செங்கோட்டைக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் இதே கதைதான். கயத்தாறிலும் உடுமலைப் பக்கத்திலும் காத்தாடிகள் நிற்பது அதனால்.

மீதிப் பாதி வருமான வரி. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசுத் தரப்பில் சோதனையாகச் சில காற்றாலைகளை நிறுத்தினார்கள். 1990களில், காத்தாடி வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. நூற்பாலைக்காரர்களும் சிமென்ட் கம்பெனிகளும் வந்து குவிந்தார்கள். மார்ச் முடிவதற்குள் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. ஆளுக்கு ஒன்று, இரண்டு, பத்து என்று கிடைத்த இடத்தில் கிடைத்த மாடலை நட்டார்கள். அதனால்தான் ஒன்று இரும்புச் சட்டக் கோபுரம், பக்கத்தில் இருப்பது உருளைக் குழாய், ஒன்றுக்கு இரண்டு றெக்கை, இன்னொன்றுக்கு மூன்று என்று கலந்து கிடக்கிறது. தூரத்திலிருந்து இது எப்படித் தெரியும் என்று யாரும் உட்கார்ந்து வரைந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு இது பிடித்திருக்கிறதா, இல்லையா?

இந்தக் கேள்வியை ஊரில் நேராகக் கேட்டால் பதில் வராது. "பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன, அது நிக்குது" என்பார்கள். வேறு மாதிரி கேட்டால்தான் பேச்சு நீளும். "உங்க நிலத்துல நிக்குதா?" என்று கேளுங்கள்.

மானாவாரி நிலம், பருத்தியோ உளுந்தோ ஒரு வருஷம் வந்தால் ஒரு வருஷம் வராது. அந்த நிலத்தைத் தொடக்கத்திலேயே புரோக்கர் சொன்ன விலைக்குக் கொடுத்தவர்களுக்கு இன்றுவரை ஆற்றாமை உண்டு. பக்கத்து வயல்காரர் பத்து வருஷம் கழித்து அதைப்போலப் பல மடங்குக்கு விற்றதை அவர்கள் மறக்கவில்லை. அவர்கள் காத்தாடியைப் பார்க்கும்போது அழகும் தெரிவதில்லை, அசிங்கமும் தெரிவதில்லை. விட்டுப்போன காசுதான் தெரிகிறது. அதே கம்பெனியில் வாட்ச்மேனாகவோ ஜீப் டிரைவராகவோ மகன் வேலை பார்க்கும் வீட்டில் பேச்சு வேறு தினுசு.

அப்புறம் ஆடு மேய்ப்பவர்கள். நடுமத்தியானம் கணவாயின் கிழக்கே பொட்டலில் மர நிழல் குறைவு. கோபுரத்தின் நிழல் தரையில் ஒரு கோடாக விழும். ஆடுகள் அந்தக் கோட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடைந்து படுத்திருக்கும். நிழல் நகர நகர எழுந்து, ரெண்டடி தள்ளி, மறுபடி படுக்கும். அந்த மனிதரிடம் காத்தாடி நல்லதா கெட்டதா என்று கேட்டால், வேலி போட்டது எந்தக் கம்பெனி, போடாதது எந்தக் கம்பெனி என்று பெயர் பெயராகச் சொல்வார். மேய்ச்சல் தடம் மறிக்கப்பட்டதா என்பதுதான் அவருடைய நிலக்காட்சி.

இது நம்மூருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் காற்றாலைகளுக்கு ஐந்து மைல் சுற்றளவில் வசிப்பவர்களிடம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. வெறுப்பாகச் சொன்னவர்கள் 8 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் நல்லபடியாகவே சொன்னார்கள். மிக அருகில் குடியிருப்பவர்களிடம் வெறுப்பு கூடுதல். திட்டம் போட்டபோது தங்களிடம் நியாயமாக நடந்துகொண்டார்கள் என்று நினைத்தவர்களுக்குக் காத்தாடியின் தோற்றமும் பெரும்பாலும் பிடித்திருந்தது. ஏமாற்றப்பட்டதாக நினைத்தவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. எங்கள் பக்கத்து அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

வெளிநாட்டில் 'காட்சி கெடுகிறது' என்று போராடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஏன் அந்தக் குரலே இல்லை?

இங்கிலாந்தில் 2015இல் கொண்டுவந்த விதிப்படி, உள்ளூர் எதிர்ப்பு கொஞ்சம் இருந்தாலே தரையில் புதுக் காற்றாலைக்கு அனுமதி கிடைப்பது கிட்டத்தட்ட நின்றுபோனது. 2024இல் புது அரசு வந்ததும்தான் அதை நீக்கினார்கள். ஸ்காட்லாந்தில் தேசியப் பூங்காக்களிலும் தேசிய எழில் பகுதிகளிலும் காற்றாலைக்கு இடமில்லை. மற்ற இடங்களில் தாராளம். அங்கெல்லாம் 'காட்சி' என்பது திட்ட அனுமதிக் கோப்பில் ஒரு தலைப்பு. அதற்கென்று நிபுணர்கள், வரைபடம், விசாரணை எல்லாம் உண்டு.

இந்தியாவில் 2006ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. ஆகவே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை. அதனோடு வரும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கூடங்குளத்துக்குக் கூட்டம் நடந்தது. அங்கிருந்து பார்த்தால் தெரியும் காத்தாடிகளுக்கு நடக்கவில்லை. புகார் இல்லை என்பது ஒன்று, புகார் வாங்க ஜன்னலே இல்லை என்பது வேறொன்று.

இன்னொன்றும் உண்டு. இந்த நிலத்தை அரசுப் பதிவேடுகள் 'தரிசு' என்று எழுதிவைத்திருக்கின்றன. பனை, உடைமரம், செம்மண், மேய்ச்சல் எல்லாம் இருந்தாலும் அது தரிசுதான். தரிசின் அழகு கெடுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு மலை முகட்டில் ஐம்பது காத்தாடிகள் வைக்கப் பார்க்கட்டும், அன்றைக்கே பத்திரிகை முழுக்க நிலக்காட்சி வந்துவிடும்.

கோயில், குளம், புனித இடங்கள் அருகில் எதிர்ப்பு இருந்ததா?

பெரிதாக இல்லை. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவது டிரைவர்களின் வழக்கம். நிமிர்ந்தால் நாலா பக்கமும் காத்தாடிதான். 1752இல் தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலையும் ஆரல்வாய்மொழியில்தான் உள்ளது. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபின் அங்கே யாத்திரிகர் கூட்டம் கூடியிருக்கிறது. இரண்டு இடத்திலும் வருகிறவர்கள் சாமியைப் பார்த்த கையோடு காத்தாடிப் பின்னணியில் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியென்றால் மன்னாரில் மட்டும் ஏன் அவ்வளவு கொதிப்பு?

மன்னாரும் தமிழர் ஊர், காற்றும் அதே தென்மேற்குக் காற்று. ஆனால் நிலம் வேறு. மன்னார் ஒரு சின்னத் தீவு. கடல் மட்டத்தை ஒட்டிய தட்டையான மணல்தரை. தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை 'தம்பபவனி' என்ற பெயரில் 30 காற்றாலைகளை நிறுத்தி 2020 டிசம்பரில் திறந்தது. மொத்தம் 103.5 மெகாவாட். முப்பந்தலில் மலை பின்னால் நிற்பதால் காத்தாடி அதற்கு முன்னால் சிறுத்துத் தெரியும். மன்னாரில் பனையைவிட உயரமாக வேறெதுவும் இல்லை. எங்கே நின்றாலும் அதுதான் கண்ணில் படும்.

அங்கே பேசப்படும் குறைகளைக் கேட்டால் தோற்றம் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். காற்றாலைக்காகப் போட்ட பாதைகளும் அடித்தளங்களும் மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்துவிட்டன, அதனால் குடியிருப்புகளில் வெள்ளம் நிற்கிறது என்பது முதல் குறை. கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகளின் வழியில் மன்னார் இருக்கிறது. வங்காலை, ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், அங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். அதனால் கொழும்பிலிருந்து இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். போதாக்குறைக்கு இல்மனைட் (டைட்டானியம் தாது) மணல் எடுக்கும் திட்டமும் அதே தீவின் தலையில் தொங்குகிறது. ஒரு பக்கம் கரையைத் தோண்டுவது, இன்னொரு பக்கம் கரையில் நடுவது, நடுவில் நாங்கள் எங்கே போவது என்பதுதான் ஜனங்களின் கேள்வி.

அதானி கிரீன் நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் அமைப்பதாக இருந்து, வழக்கு, விலைச் சர்ச்சை எல்லாம் கடந்து, 2025 பிப்ரவரியில் விலகிக்கொண்டது. அதோடு முடியவில்லை. வேறு காற்றாலைத் திட்டங்களுக்கான பாகங்கள் 2025 ஆகஸ்டில் லாரிகளில் வந்தபோது மக்கள் இரவில் சாலையில் உட்கார்ந்தார்கள். பாதிரியார்களும் கூட இருந்தார்கள். அரசு ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தது. செப்டம்பர் கடைசியில் போலீஸ் காவலோடு மறுபடி கொண்டுவந்தபோது மோதல் நடந்தது, பிறகு கடையடைப்பு.

இதை 'பசுமை மின்சாரத்துக்கு எதிர்ப்பு' என்று தலைப்புப் போட்டவர்கள் அந்தச் சாலையில் உட்கார்ந்தவர்கள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் போகும் வழியை முதலில் வரைந்துவிட்டு, அதன்மேல் காற்றாலைகளைக் குறித்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் 'மின்சாரம் வேணும், என் வீட்டுப் பக்கம் வேணாம்' என்கிற ரகமா?

அப்படியும் சிலர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய நான்டக்கெட் நீரிணையில் 130 காற்றாலைகள் வைக்க 2001இல் 'கேப் விண்ட்' திட்டம் வந்தது. கடலைப் பார்த்த மாளிகைக்காரர்கள் பணத்தைக் கொட்டி எதிர்த்தார்கள். சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்துவந்த செனட்டர் எட்வர்ட் கென்னடியும் எதிர்த்தவர்களில் ஒருவர். அவர் குடும்ப வீடு அந்தக் கரையில்தான். பதினாறு வருஷம் இழுத்து 2017இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நார்வேயின் ஃபோசன் அதற்கு நேர் எதிர். அங்கே 151 காற்றாலைகள், 'சாமி' என்ற பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் கலைமான் மேய்க்கும் நிலத்தில். 2021 அக்டோபரில் நார்வே உச்ச நீதிமன்றம், அந்த அனுமதி அவர்களுடைய பண்பாட்டு உரிமையை மீறுகிறது, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்புக்கு அப்புறமும் காத்தாடிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 2023இல் இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தார்கள். கிரேட்டா துன்பர்க்கும் அதில் இருந்தார். காற்றாலைக்கு எதிரே பருவநிலைப் போராளி உட்கார்ந்திருக்கிறார் என்று பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

மாளிகைக்காரரையும் மேய்ச்சல்காரரையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டால் கம்பெனிக்கு வசதி. நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் வோல்சிங்க் இந்தச் சோம்பேறித்தனத்தைப் பல வருஷமாகவே குறை சொல்லிவருகிறார்.

காத்தாடி மழையை விரட்டுகிறதாமே?

ஊரில் பலர் நம்புவது. மகாராஷ்டிராவில் 2000களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது சாங்லி, சாதாரா பக்கத்து விவசாயிகளும் இதையே சொன்னார்கள். மழைமேகம் கிடைப்பது காத்தாடி உயரத்தைவிடப் பல மடங்கு மேலே. அதைவிட எளிமையான பதில் நம் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான் வரும். அப்போது காத்தாடிகள் பெரும்பாலும் சும்மா நிற்கும். அவை வெறிகொண்டு சுற்றும் ஆனி, ஆடியில் இங்கே எப்போதுமே சாரலுக்கு மேல் பெய்ததில்லை. மலைமறைவுப் பிரதேசம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான்.

ஆனாலும் ஒரேயடியாகச் சிரித்துத் தள்ளவேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸில் காற்றாலைகள் நெருக்கமாக உள்ள இடங்களில் ராத்திரி நேரத் தரைவெப்பம் சற்றுக் கூடுவதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2012இல் காட்டினார்கள். றெக்கைகள் மேல் காற்றையும் கீழ்க் காற்றையும் கலக்குவதால் வருவது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய குட்டிக் காத்தாடிகளை எடுத்துவிட்டுப் பெரியது வைத்தால் பார்க்க நன்றாக இருக்குமா?

இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லோருக்கும் இல்லை. பழைய 225, 250 கிலோவாட் காத்தாடி நிமிஷத்துக்கு நாற்பது சுற்றை ஒட்டிச் சுற்றும். பத்து இருபது சேர்ந்து சுற்றினால் கண் படபடக்கும். புதியவை 2, 3 மெகாவாட். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து சுற்றுதான், நிதானமாக இருக்கும். பத்துப் பழையதை எடுத்த இடத்தில் ஒரு புதியது அதே மின்சாரத்தைத் தரும். பொட்டலில் நெரிசல் குறையும்.

அதற்குக் கொடுக்கும் விலை உயரம்தான். பழையதன் கோபுரம் 30 முதல் 50 மீட்டர். புதியதில் கோபுரம் மட்டுமே 140 மீட்டர் வரை போகிறது. றெக்கை நுனி 200 மீட்டரைத் தொடும். இதுவரை காத்தாடி தெரியாத ஊர்களுக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் 1980களில் ஆயிரக்கணக்கில் குட்டிக் காற்றாலைகளை நட்டார்கள். நம் கணவாயின் அண்ணன் என்று சொல்லலாம். அப்போது அங்கே ஜனங்களின் கருத்தை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. சுற்றாமல் நிற்கும் காற்றாலைகள்தான் பலருக்கு எரிச்சல் தந்தன. சுற்றினால் ஏதோ வேலை நடக்கிறது என்று மனசு ஏற்றுக்கொள்கிறது. முப்பந்தலில் இன்று கண்ணை உறுத்துவதும் அதுவே: துருப்பிடித்த சட்டக் கோபுரம், ஒரு றெக்கை உடைந்தது, உச்சியில் உள்ள இயந்திரப் பெட்டியிலிருந்து எண்ணெய் வழிந்து கோபுரம் முழுக்கக் கருப்புக் கறை. தமிழக அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இங்கே பத்துக் காத்தாடிக்கு ஏழு முதலாளிகள். ஒரு பெரிய காத்தாடிக்கு ஏழு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும்.

வர்ணம் மாற்றினால் கண்ணுக்கு உறுத்தாதா?

வெளிர் சாம்பல் பூசுவதே வானத்தோடு கலக்கட்டும் என்றுதான். ஜெர்மனியில் கோபுர அடியில் கரும்பச்சையில் தொடங்கி மேலே போகப் போக வெளுக்கும் பட்டைகள் பூசிய காற்றாலைகளும் உண்டு. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்றில் ஒரு றெக்கைக்கு மட்டும் கருப்பு அடித்துப் பார்த்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சின்னச் சோதனைதான், நாலே காற்றாலை. பறவைக்குத் தெரியவேண்டும், மனுஷனுக்குத் தெரியக்கூடாது என்றால் வர்ணத்துக்கு எங்கே போவது?

ராத்திரிச் சிவப்பு விளக்குதான் பலருக்குப் பெரிய தொல்லை. விமானம் வரும்போது மட்டும் எரியும் விளக்கை ஜெர்மனி கட்டாயமாக்கியிருக்கிறது.

சத்தமும் ஓடுகிற நிழலும்?

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல், சத்தத்தைக் காரணமாகச் சொல்லி, வீடுகளிலிருந்து 500 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய காத்தாடிகள் பலதும் அதற்கு முன்னால் வந்தவை. சுற்றும் றெக்கையின் நிழலுக்கு ஜெர்மன் கணக்கு: ஒரு வீட்டின்மேல் நாளைக்கு 30 நிமிஷம், வருஷத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது.

எங்கேயாவது ஊர்க்காரர்களைக் கேட்டு அழகாக வைத்திருக்கிறார்களா?

கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே மிடில்கிரண்டன். முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் என்று போட்ட திட்டம், பொதுமக்கள் கருத்துக்குப் பின் ஒரே வளைவில் 20 என்று மாறியது. பழைய கோட்டை அரண் நகரைச் சுற்றி வளையும் அதே போக்கில் அந்த வளைவு போகிறது. 2000இல் ஓட ஆரம்பித்தது. பாதி, அதாவது பத்துக் காற்றாலைகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துடையது. 2009இல் டென்மார்க் இதைச் சட்டமாகவே ஆக்கியது: புதுக் காற்றாலையில் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்தாருக்கு விற்க முன்வர வேண்டும் என்று. பிற்பாடு அந்த விதி மாறிவிட்டது. பங்கு இருக்கிறவர் ஜன்னலைத் திறந்து பார்த்து, இன்றைக்கு நல்ல காற்று என்று சந்தோஷப்படுவார். பங்கு இல்லாதவர் ஜன்னலைச் சாத்துவார்.

நம்மூரில் அப்படி ஒன்று ஏன் இல்லை என்று கேட்டால், ஒரு காத்தாடியின் விலை கோடிகளில், ஊர்க்காரரிடம் ஏது அவ்வளவு என்பார்கள். பால் கூட்டுறவு நடத்தத் தெரிந்த மாநிலத்தில் இந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

எங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறது. நாங்கள் என்ன கேட்கவேண்டும்?

முதலில் படம் கேளுங்கள். கம்பெனியின் விளம்பரப் படம் அல்ல. கண்மாய்க்கரை, பள்ளிக்கூட மைதானம், கோயில் வாசல் என்று நீங்கள் காட்டும் இடங்களில் நின்று எடுத்த புகைப்படத்தில், காத்தாடி எவ்வளவு உயரம் தெரியும் என்று அளவோடு பொருத்திக் காட்டும் படம். வெளிநாட்டில் இது சாதாரண நடைமுறை. செய்ய முடியாது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் மின்கம்பி எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். காத்தாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்து கம்பியை எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். கம்பி போகும் வழியில் பனை வெட்டப்படும், உங்கள் நிலத்துக்கு நடுவே தூண் வரும். றெக்கை வரும் லாரிக்காக அகலப்படுத்தும் பாதை எந்த ஓடையைக் குறுக்கே வெட்டுகிறது, அதற்குப் பாலம் வைக்கிறார்களா, வெறும் மண்ணைக் கொட்டி மூடுகிறார்களா என்பதும் முக்கியம். மன்னார்க்காரர்கள் இதைத்தான் பிந்திக் கண்டுபிடித்தார்கள்.

நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடுவதானால், காலம் முடிந்தபின் யார் கழற்றுவது என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். கோபுரத்தை மட்டுமா, அடியில் உள்ள கான்கிரீட்டையும் தோண்டி எடுப்பார்களா, எத்தனை அடி ஆழம் வரை, அதற்கான பணத்தை எந்த வங்கியில் யார் பெயரில் இப்போதே போட்டுவைப்பார்கள்? கம்பெனி கை மாறினால் புது முதலாளியையும் அது கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். காத்தாடி இருபது இருபத்தைந்து வருஷம் ஓடும். அதற்குள் முதலாளி இரண்டு மூன்று முறை மாறிவிடுவார்.